சண்டையே வராத 11 நாட்கள்

பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான். தொடர்ந்து 11 நாள். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. நண்பர்களிடம் பாதி சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன், சிரிக்கிற பாதியை மட்டும். போன மாதம் சென்னை ஓஎம்ஆர் சாலையில் இருக்கும் எங்கள் ஆபீஸில் ஒரு மீட்டிங். திரையில் 99.2 என்று ஓர் எண் வந்தது, பச்சைக் கட்டத்துக்குள். அறையில் இருந்த எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. வீடு திரும்பும்போது துரைப்பாக்கம் பக்கம் மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கும் தகரங்களைப் பார்த்தபடி வண்டி நகராமல் நின்றிருந்த நேரமெல்லாம் அம்பத்தூர்தான் ஞாபகத்தில் ஓடியது. எழுதிவிட்டால் அடங்கும் என்று நினைக்கிறேன்.

2012. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடம், கீழே பாதி லேத் பட்டறை, மீதியும் மாடிகளும் நாங்கள். வெளிநாட்டு நூலகம் ஒன்று பழைய ஆங்கிலப் புத்தகங்களை ஸ்கேன் செய்து படங்களாக அனுப்பும். பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு. பாதிரிமார் பிரசங்கம், கடல் பயணம், குதிரை வைத்தியம் என்று என்னென்னவோ. அவற்றை எழுத்து எழுத்தாக அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருத்தி அடித்தது இன்னொருத்திக்குத் தெரியாது. அப்புறம் சாஃப்ட்வேர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். ஒத்துப்போகாத இடங்களை மூன்றாவது ஆள் படத்தைப் பார்த்துத் தீர்த்துவைப்பார். இந்த முறைக்குப் பெயர் டபுள் கீ. ஒத்துப்போகாத இடத்துக்கு எங்கள் ஃப்ளோரில் வைத்த பெயர் 'சண்டை'. "இந்த பேட்ச்ல எத்தன சண்டை?" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்த துல்லியம் 99.995 சதவீதம். கேட்க ஏதோ கடலை மிட்டாய் விளம்பரம் மாதிரி இருக்கும். 20,000 எழுத்துக்கு ஒரு தப்புதான் அனுமதி என்று அர்த்தம். அந்தக் காலத்துச் சின்னப் புத்தகங்களில் பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒன்று. மனுஷர் யாரும் தனியாக அப்படி அடிக்க முடியாது. இரண்டு பேர் அடித்தால் முடியும். ஆயிரம் எழுத்துக்கு ஒரு தப்பு செய்கிற இருவர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் அடித்தால், இருவரும் ஒரே இடத்தில் தப்பு செய்ய வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று. மீதித் தப்பெல்லாம் சண்டையாக வெளியே வந்துவிடும். கணக்கு அத்தனை சுத்தமாக நடக்காது, மங்கலான எழுத்து இரண்டு பேரையும் ஒரே குழியில் தள்ளும்தான். ஆனாலும் அந்தத் தொழில் முழுக்க நின்றது அந்த ஒரு பெருக்கல் கணக்கின் மேல்தான். 'ஒருவரை ஒருவர் பார்க்காமல்' என்பதை எடுத்துவிட்டால் கணக்கில் எதுவும் மிஞ்சாது. இது எனக்கு அப்போதே தெரியும். பரீட்சை வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு எழுதியிருப்பேன்.

டீச்சர்

இரவு ஷிஃப்டின் சூப்பர்வைசரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மேற்கு மாம்பலத்தில் பல வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். கம்ப்யூட்டர் வந்து லோயர், ஹையர் பரீட்சை எழுத வரும் கூட்டம் குறைந்து, மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு இங்கே வந்தார். ஆபரேட்டர் பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஓர் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் செய்தவர்கள்தான், நிமிஷத்துக்கு 45 வார்த்தை. ஆங்கிலம் சரளமாகத் தெரியாது. அது இந்த வேலைக்கு நல்லது. அர்த்தம் தெரிந்தவன் கை தன்னையறியாமல் திருத்திவிடும். அர்த்தம் தெரியாதவள் கண் கண்டதைக் கை அடிக்கும்.

டீச்சரிடம் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு இருக்கும். ரப்பர் செருப்பு. வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டே இருப்பார், சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு. கீபோர்டு சத்தத்தைக் கேட்கிறாராம். நாங்கள் அதைக் கிண்டல் செய்வோம். அடிக்கிற சத்தம் சீராகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் திணறினால் அங்கே போய் நிற்பார். படம் கோணலாக இருக்கும், அல்லது அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலாக இருக்கும். நோட்டில் எழுதுவார். "14ஆம் நம்பர், மானிட்டர் மங்கல்." "22, வீட்டில் பிரச்சினை, இன்னிக்கு டார்கெட் கேக்காதே." இதையெல்லாம் டேட்டா என்று நான் அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் அங்கே வொர்க்ஃப்ளோ பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப்டிபியில் படம் வந்து விழுவதிலிருந்து, பேட்ச் பிரித்து, ஆபரேட்டருக்கு ஒதுக்கி, ஒப்பிட்டு, டேக் போட்டு, திரும்ப அனுப்புவது வரை எல்லாம் என் ஸ்கிரிப்ட்கள். எல்லாம் பெர்ல் மொழியில் எழுதியவை, எல்லாம் குறித்த நேரத்தில் வேலையைத் தானாகக் கிளப்பிவிடும் கிரானில் தொங்கும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும் இடத்தில் ஆறு சூப்பர்வைசர்கள் நோட்டோடு நடப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு டேஷ்போர்டு செய்தேன். சுவரில் டிவி மாட்டி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்கள் மாறும். வேகம், க்யூவில் எத்தனை, தாமதம் எத்தனை, 10,000 எழுத்துக்கு எத்தனை சண்டை. சண்டை 40ஐத் தாண்டினால் கட்டம் சிவப்பாகி எனக்கு எஸ்எம்எஸ் வரும். மேலிடத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மூன்றே மாதத்தில் ஆறு சூப்பர்வைசர்கள் இரண்டு பேர் ஆனார்கள். டீச்சரைக் கீழே டிரெயினிங் அறைக்கு மாற்றினார்கள். நான் வருத்தப்பட்டதாக எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் நடுவில் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. சென்னைக்கே பகலில் 2 மணி நேரம், வெளியூர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் யுபிஎஸ் பேட்டரி வயதானது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை 'பீப்' என்று கத்தும். முதல் வாரம் எல்லோரும் எழுந்து ஓடினோம். இரண்டாம் வாரம் திரும்பிப் பார்த்தோம். அப்புறம் அது கத்தாத நேரத்தில்தான் ஏதோ குறைவது மாதிரி இருந்தது.

வேலை நிற்கக் கூடாது

இரண்டு ஆபரேட்டரும் முழுப் பக்கத்தையும் அடிப்பது செலவு அதிகம். அதனால் ஒருத்திக்கு மட்டும், படத்தில் இருக்கும் எழுத்தைத் தானே படிக்கும் ஓசிஆர் என்ற சாஃப்ட்வேர் படித்த எழுத்தை முன்கூட்டியே திரையில் நிரப்பிக் கொடுப்போம். அவள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவாள். மற்றவளுக்குக் காலித் திரை, முழுக்க அடிக்க வேண்டும். மெஷின் ஒரு பக்கம், மனுஷி ஒரு பக்கம் என்பதால் 'ஒருவரை ஒருவர் பார்க்காமல்' என்பது கெடவில்லை. யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கும் அதை நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்வேன்.

என் ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. காலித் திரையைக் கொடுக்கும் காலி டெம்ப்ளேட் ஃபைல் ஏதோ காரணத்தால் கிடைக்காவிட்டால், எந்த டெம்ப்ளேட் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஃபைல் இல்லை என்பதற்காக 60 பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாமே என்று எழுதிய வரி. செப்டம்பரில் ஒருநாள் சர்வரில் இடம் போதவில்லை என்று யாரோ பழைய ஃபோல்டர்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றினார்கள். காலி டெம்ப்ளேட்டும் அதோடு போனது. என் வரி தன் கடமையைச் செய்தது. அன்றிலிருந்து இரண்டு பேர் திரையிலும் ஒரே ஓசிஆர்.

டேஷ்போர்டில் என்ன தெரிந்தது? வழக்கமாக 15க்கும் 25க்கும் நடுவில் ஆடும் சண்டை எண்ணிக்கை 2 ஆனது. அப்புறம் 1. அப்புறம் சில பேட்ச்களில் சுத்த பூஜ்யம். காலித் திரையில் அடித்துக்கொண்டிருந்தவர்களின் வேகம் இரண்டு மடங்கு. க்யூ காலி. எல்லாக் கட்டமும் பச்சை. ஓசிஆரின் புது வெர்ஷன் போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் எல்லோருக்கும் காரணம் கைவசம் இருந்தது. மேனேஜர் இரவு ஷிஃப்டுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.

என் அப்பா பெரம்பூரில் பின்னி மில்லில் தறி ஓட்டியவர். பி அண்ட் சி என்று சொன்னால் வடசென்னையில் தெரியாதவர் இல்லை, 1996ல் மூடினார்கள். ஒரு ஆள் எப்படி அத்தனை தறியைப் பார்க்க முடியும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பாவு நூலிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும், நூல் அறுந்தால் தகடு கீழே விழும், விழுந்தால் தறி தானாக நிற்கும் என்றார். நாம பாக்கவே வேணாம், நிக்கிற தறிய மட்டும் பாத்தா போதும். கொஞ்சம் கழித்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அறுந்தாதான் நிக்கும். தப்பு நூல் ஏறிடுச்சுன்னா அது பாட்டுக்கு ஜம்முனு நெய்யும்" என்றார். இந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்தது ரொம்பப் பிந்தி.

மூன்று மணி டீ

பன்னிரண்டாம் நாள் ராத்திரி. கீழே டிரெயினிங் அறையில் ஏசி ஓடவில்லை என்று டீச்சர் மேலே வந்திருந்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து பேப்பர் கப்பில் டீ ஊற்றிக்கொண்டே டிவியை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னப்பா இது, சண்டையே இல்ல?"

"ஆமா டீச்சர். புது ஓசிஆர். சூப்பரா போகுது."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"சில பேட்ச்ல ஒண்ணு, ரெண்டு இருக்கும்."

அவர் டீயைக் குடிக்கவில்லை. "ரெண்டு பொண்ணுங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஹையர் எழுதுறாங்கன்னு வை. ரெண்டு பேப்பர்லயும் தப்பே இல்லன்னா எனக்கு சந்தோஷம். ரெண்டு பேப்பர்லயும் ஒரே எடத்துல ஒரே தப்பு இருந்தா அது ஒரே பேப்பர். ரெண்டையும் பிரிண்ட் எடு, பாக்கலாம்."

எடுத்தேன். பத்து வரி தாண்டவில்லை. பழைய ஆங்கில அச்சில் 'எஸ்' எழுத்துக்கு இன்னொரு உருவம் உண்டு. நெடுக்காக நின்று தலை வளைந்து, அசப்பில் 'எஃப்' மாதிரியே இருக்கும். எஃப்பில் குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கமும் வரும், இதில் இடப்பக்கம் மட்டும் ஒரு சின்ன முள். அவ்வளவுதான் வித்தியாசம். 1800 வாக்கில் அச்சகங்கள் அதைக் கைவிட்டன. டிரெயினிங்கில் டீச்சர் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அந்த முள்ளைத்தான். ஓசிஆருக்கு முள் தெரியாது. படத்தில் 'அட் ஃபர்ஸ்ட் சைட்' என்றிருந்தது, முதல் பார்வையில் என்று. இரண்டு பிரிண்டிலும் 'அட் ஃபர்ஃப்ட் ஃபைட்'. இரண்டிலும். ஒரே மாதிரி. டீச்சர் பேனாவால் அந்த ஃபைட்டைச் சுழித்துவிட்டு, "இதோ இருக்கு பாரு உன் சண்டை" என்றார். நான் சிரிக்கவில்லை.

பழைய புத்தகம், பழைய எழுத்துக்கூட்டல், அதனால் ஸ்பெல் செக் கிடையாது. இருந்தாலும் 'ஃபைட்' சரியான வார்த்தைதானே, விட்டுவிடும். திருத்த வேண்டியது ஆபரேட்டர் கண். அதை நம்பித்தான் முதல் திரையில் ஓசிஆரை நிரப்பினோம். ஆனால் நிரப்பிய எழுத்தைப் பார்க்கும் கண் வேறு, காலித் திரையில் அடிக்கும் கண் வேறு. எழுதியிருப்பதைப் பார்த்தால் கண் அதோடு சமாதானமாகிவிடுகிறது. முதல் ஆள் சமாதானமான இடத்தை இரண்டாம் ஆள் பிடிப்பாள் என்பதுதான் ஏற்பாடு. இரண்டு பேரையுமே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன்.

ஒப்பீட்டு ஃபைலைத் திறந்து, டெம்ப்ளேட் ஃபோல்டரைத் தேடி, அது அங்கே இல்லாததைக் கண்டுபிடிக்க அரை மணி ஆனது. அதற்குள் டீச்சர் வரிசைக்குள் போயிருந்தார். காலித் திரையில் அடிக்க வேண்டிய பெண்களில் ஒருத்தி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் போனேன். "உங்க ஸ்கிரீன்ல எழுத்து ஏற்கெனவே நெரம்பி வருதா?" என்றேன்.

"ஆமா சார். ரெண்டு வாரமா."

"ஏன் சொல்லல?"

அவள் டீச்சரைப் பார்த்தாள், அப்புறம் என்னை. "யாரு கிட்ட சார் சொல்றது? நீங்க கேக்கவும் இல்லையே. ஆபீஸ்லதான் மாத்திட்டாங்கன்னு நெனச்சோம்."

பக்கத்து வரிசையிலும் அதே பதில். அதற்கடுத்த வரிசையிலும். ஒருத்தி மட்டும், "நெட்டை எஸ்ஸெல்லாம் எஃப்பா வருதுன்னு எனக்கே டவுட்டா இருந்துச்சு சார். ஆனா டிவியில எல்லாம் பச்சையா இருக்கே" என்றாள். ஃப்ளோரில் 30 பேருக்குத் தெரிந்திருந்தது. கேன்டீனில் பேசியிருக்கிறார்கள், கேபில் பேசியிருக்கிறார்கள். தெரியாதது எனக்கும் டேஷ்போர்டுக்கும்தான்.

அன்றைக்கு மணி நாலு பத்து.  5 மணிக்கு அப்லோட் தானாகக் கிளம்பும். டீச்சர் "நிறுத்து" என்றார். எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். மேனேஜருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அந்த இருபது நிமிஷம் நான் செய்ததெல்லாம் என் டேஷ்போர்டில் நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் வைக்கவில்லையே என்று யோசித்ததுதான். வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. தப்பைச் சொல்ல அதற்கு வாய் கொடுத்திருந்தேன், கை கொடுக்கவில்லை. முன்பெல்லாம் டீச்சர் ஒரு பேட்ச்சைப் பிடித்து வைத்தால் மேனேஜர் வந்து கத்துவார், அவர் பதில் சொல்வார், பேட்ச் நிற்கும். அந்த அதிகாரம் எந்த ஆவணத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனால் நான் ஆட்டோமேட் செய்த பட்டியலில் அது வரவே இல்லை. 4:35க்குக் கிரான்டேப்பைத் திறந்து, அப்லோட் வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன், போட்டால் அந்த வரி ஓடாது. கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்தது சுருக்கமானது. 61 பேட்ச்களை மறுபடி அடித்தோம், மூன்று வாரம். நூலகத்துக்கு மன்னிப்புக் கடிதம் போனது. ஆபரேட்டர்களுக்கு அந்த 11 நாளில் கிடைத்த கூடுதல் இன்சென்டிவை அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. இதைத் தனியாக ஒரு பத்தியாக எழுதும் தைரியம் இல்லாததால் இங்கேயே வைக்கிறேன்.

கீழ்க்கோடு

நான் செய்த அசட்டுத்தனம் என்னவென்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1924ல் அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வால்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரு பக்கக் குறிப்பில் வரைந்து காட்டிய வரைபடம்தான் இன்று பல தொழிற்சாலைகளில் இருக்கும் கன்ட்ரோல் சார்ட். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தப்பு மேல்கோட்டைத் தாண்டினால் மட்டும் கூப்பிடு என்று அது சொல்லவில்லை. கீழ்க்கோட்டுக்குக் கீழே போனாலும் ஏதோ மாறியிருக்கிறது, போய்ப் பார். நல்லதாகவும் இருக்கலாம், அளக்கிறவன் தூங்குவதாகவும் இருக்கலாம். நான் மேல்கோடு மட்டும் போட்டிருந்தேன். குறைவாக வந்தால் கொண்டாட வேண்டும் என்பது என் நினைப்பு.

ஷூஹார்ட் 1947-48ல் இந்தியாவுக்கே வந்திருக்கிறார், கல்கத்தாவில் மகலனோபிஸ் நடத்திய புள்ளியியல் நிலையத்தின் அழைப்பில். மகலனோபிஸ் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். வங்காளத்தில் சணல் எத்தனை நிலத்தில் விளைகிறது என்று மதிப்பிட ஆட்களை வயலுக்கு அனுப்பினார். ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணை எழுதிவிட்டு வந்தால் யார் கண்டது? ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து வேலையின் தரம் தெரிந்தது. மேற்பார்வையாளர் வயல் வயலாகப் போக வேண்டாம், வேலையின் அமைப்புக்குள்ளேயே மேற்பார்வை இருந்தது. அதே டபுள் கீதான், சேறும் சணலுமாக. இரண்டு குழுவும் ஒரே டீக்கடையில் நோட்டை மாற்றிக்கொண்டால் அந்த ஏற்பாடும் கவிழும்.

கீழ்க்கோடு போட்டேன். சண்டை 8க்குக் கீழே போனால் மஞ்சள். உடனே புதுத் தலைவலி. தெளிவாக அச்சான, பெரிய எழுத்துப் புத்தகம் வந்தால் நியாயமாகவே சண்டை குறையும். ராத்திரிக்கு ஐந்தாறு தடவை எஸ்எம்எஸ். இரண்டு மாதத்தில் நானே அதற்கு ஒரு தனி டோன் வைத்து, அந்த டோன் கேட்டால் எழ வேண்டாம் என்று என் காதைப் பழக்கியிருந்தேன். யுபிஎஸ் கதைதான்.

அடுத்து விடை தெரிந்த பக்கங்களை நடுவில் கலந்து வைத்தோம், ஆபரேட்டர் கண் விழித்திருக்கிறதா என்று பார்க்க. ஃப்ளோரில் அதற்குப் 'பொறி' என்று பெயர் வந்தது. பெயர் வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பொறிப் பக்கங்களின் ஃபைல் பெயரில் ஓர் இலக்கம் கூடுதலாக இருந்திருக்கிறது. ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பொறியில் எல்லோரும் 100க்கு 100. டீச்சர்தான் சொன்னார், சிரிப்பை அடக்க முடியாமல். அவரை மறுபடி மேலே கொண்டுவந்திருந்தோம், 'தர ஆலோசகர்' என்று வாய்க்குள் நுழையாத ஒரு பதவியில். அதே நோட்டு, அதே செருப்பு.

99.2

இப்போது நான் இருக்கும் இடத்தில் புத்தகம் இல்லை, கடை ரசீதுகள். லட்சக்கணக்கான ரசீதுப் படங்கள். இதில் மொத்தத் தொகை எது, தேதி எது, கடைப் பெயர் எது என்று குறிக்க வேண்டும். முதலில் ஒரு ஏஐ மாடல் குறிக்கும். அப்புறம் இரண்டு பெண்கள் தனித்தனியாகச் சரிபார்ப்பார்கள். ஓட்டத்தையெல்லாம் ஏர்ஃப்ளோ என்ற சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது. 2014ல் ஏர்பிஎன்பி கம்பெனியில் தங்கள் வேலைக்கென்று எழுதி, பிறகு உலகத்துக்கே திறந்துவிட்டது. அது நல்ல சாமான், நான் கிரானில் தொங்கவிட்டு அழுததையெல்லாம் அது தானே செய்கிறது. அதற்கும் மேலே இப்போது இன்னொரு மாடலை வைத்திருக்கிறார்கள். அது சிஸ்டம் எழுதிவைக்கும் லாக் பதிவுகளைப் படித்து, எங்கே என்ன கோளாறு என்று காலையில் அழகான அறிக்கை எழுதும். கடைசி சூப்பர்வைசர் பதவியையும் எடுத்துவிடலாமா என்று பேசத்தான் அன்றைய மீட்டிங். இரண்டு பெண்களுக்கும் இடையே ஒத்துப்போகும் அளவு 99.2.

"ரெண்டு பேரும் அதே மாடல் போட்டதைப் பாத்துதானே சரின்னு சொல்றாங்க?" என்றேன்.

"கப்பாவும் பாத்துட்டோம் சார், நல்லா இருக்கு" என்றான் டேட்டா பையன், கெட்டிக்காரன். கப்பா என்பது 1960ல் ஜேக்கப் கோஹன் கொடுத்த அளவு. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் கொஞ்சம் ஒத்துப்போகும் அல்லவா, அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும். இரண்டு பேரும் மூன்றாவது ஒன்றைப் பார்த்து எழுதியிருந்தால் அதற்கு அது என்ன செய்யும், பாவம். இன்னும் சந்தோஷமாக ஓர் எண்ணைக் கொடுக்கும். அறிக்கை எழுதும் மாடலும் அந்த எண்ணைத்தான் படிக்கிறது. அம்பத்தூரில் இரண்டு பெண்கள், ஒரு டிவி. இங்கே டிவிக்குப் பேச்சும் வந்திருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தானியங்கி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. லட்சம் ரசீதை எந்த டீச்சரும் நடந்து பார்க்க முடியாது, அம்பத்தூரிலேயே ஒருவரால் முடியவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. சூப்பர்வைசர் என்றால் பார்க்கிறவர் என்று நினைத்து, பார்ப்பதை மெஷினுக்கு மாற்றுகிறோம். டீச்சர் நாள் முழுக்கச் செய்ததில் பார்ப்பது கால்வாசி இருக்கும். மீதி, சொல்ல வருகிறவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. அந்த நோட்டில் இருந்ததில் முக்கால்வாசி யாரோ அவரிடம் சொன்னது. அதைத் தூக்கியபோது ஃப்ளோரிலிருந்து மேலே வருகிற ஒரே வழியையும் தூக்கிவிட்டேன், அதை வழி என்று தெரியாமலே.

மீட்டிங்கில் இதை இப்படிக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. மாடல் குறிக்காத வெறும் படத்தைக் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து ஒப்பிடலாம் என்று மட்டும் கேட்டேன். செலவு என்றார்கள். பேரம் பேசி 2 சதவீதம் வாங்கினேன், கோயம்பேட்டில் கத்திரிக்காய் வாங்குவது மாதிரி. அது அடுத்த மாதம்தான் ஆரம்பிக்கும்.

அதுவரை சும்மா இருக்க முடியாமல், போன புதன்கிழமை இரண்டாவது மாடிக்குப் போனேன். ரசீது சரிபார்க்கும் பெண்கள் கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஒருத்தி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ரொம்ப நிதானமாக வேலை செய்தாள், எனக்காக. அப்புறம் மறந்துவிட்டாள். டக், டக், டக் என்று ஒரே சத்தம். கண்ணை மூடிக் கேட்டேன், திணறவே இல்லை. ஒரு ரசீதில் மாடல் ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகையை மொத்தம் என்று குறித்திருந்தது. எனக்கே தெரிந்தது. அவள் ஒரு நொடி நின்றாள், பிறகு டக்.

"இது தப்பில்லையாம்மா?"

"தப்புதான் சார்." திரையில் காட்டினாள். "சரின்னா ஸ்பேஸ் பார் ஒரு தட்டு. மாத்தணும்னா இந்த மெனுவத் தொறக்கணும், பெட்டியை அழிக்கணும், புதுசா வரையணும், காரணம் செலக்ட் பண்ணணும், அப்புறம் சேவ். அதுக்குள்ள மூணு ரசீது போயிடும். டார்கெட் இருக்குல்ல."

"இது எத்தன நாளா இப்படி?"

"நான் சேர்ந்ததுலேருந்தே இப்படித்தான் சார். பிப்ரவரி."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். மூடிக்கொண்டு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தேன்.